உண்ணி, தெள்ளு, குடற்புழு: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் நாயின் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள் மொய்த்திருக்கின்றன. வாரந்தோறும் கடலில் இறக்கிக் குளிப்பாட்டுகிறோம், கையால் பிடுங்கியும் போடுகிறோம். நான்கே நாளில் மறுபடியும் ஏறிவிடுகின்றன. உப்புத்தண்ணீருக்கு உண்ணி சாகாதா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: சாகாது, அம்மா. உண்ணி நீரில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். உப்பு தோலில் காய்ந்து படிந்து, நாய் சொறிந்த புண்ணைத்தான் எரிய வைக்கும். கடலில் இறக்கினால் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

நீங்கள் நாயைப் பார்க்கிறீர்கள்; நான் உங்கள் சுவரைப் பார்க்கச் சொல்கிறேன். இரத்தம் குடித்து ஆமணக்கு முத்துப்போலப் பருத்த பெண் உண்ணி, தானே உதிர்ந்து, ஏதாவது ஓர் இடுக்கில் ஒதுங்கி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத்தான் மடிகிறது. நம் வீட்டு நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் இயல்பு உண்டு என்பதால், திண்ணையைக் கழுவினால் மட்டும் போதாது. சுவர் வெடிப்பு, கதவு நிலையின் சந்து, ஓலைக் கூரை சுவரில் அமரும் இடம் வரை விளக்கடித்துப் பாருங்கள். வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிடுவது, மருந்து தெளிப்பதைவிட நெடுநாள் பயன் தரும் என்பது என் கருத்து. தெளித்தே ஆக வேண்டுமானால் கருவாடு காயும் இடத்தையும் குழந்தைகள் விளையாடும் முற்றத்தையும் விட்டு விலகித் தெளியுங்கள்.

நாயின் எடையைப் பார்த்து மருத்துவர் தரும் மாத்திரையையோ சொட்டு மருந்தையோ, உண்ணி கண்ணில் படாவிட்டாலும் சில மாதங்கள் இடைவிடாமல் கொடுக்க வேண்டும். பசியோடு பல மாதம் காத்திருக்கக்கூடிய உயிர் அது. மண்ணெண்ணெய் தடவவே தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். காய்ச்சல், மூக்கில் இரத்தம், வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது.

கேள்வி: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கும் போடலாமா? அதன் மலத்தில் அரிசிபோல ஏதோ நெளிகிறது. (வாசகர், கீழக்கரை)

பதில்: போடாதீர்கள். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. உடம்பெல்லாம் நடுங்கி, வலிப்பு வந்த நிலையில் என்னிடம் தூக்கிவரப்பட்ட பூனையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த அரிசி, நாடாப்புழுவின் துண்டு. பூனை தன்னை நக்கும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சியிலிருந்தே இப்புழு பெரும்பாலும் உள்ளே போகிறது; தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் மீண்டும் வரும். தெள்ளு இருக்கிறதா என அறிய, பூனையைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால், அது இரத்தம் குடித்த தெள்ளின் எச்சம். பூனை படுக்கும் சாக்கையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவதும் மருத்துவத்தில் பாதி.

கேள்வி: மணலில் விளையாடும் என் மகனின் பாதத்தில் சிவந்த கோடு ஒன்று தினமும் நெளிந்து நீள்கிறது, அரிப்பு தாங்கவில்லை. வீட்டில் நாய்க்குட்டிகள் உண்டு. (வாசகி, பாம்பன்)

பதில்: நாய், பூனைகளின் கொக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலுக்குள் வழி தவறி ஊர்வதால் இப்படிக் கோடு விழும். குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரையில் குணமாகும். இந்தக் குஞ்சுகள் நாய் மலம் கிடந்த ஈரமும் நிழலும் உள்ள மணலில் வளர்பவை. வள்ளத்தடி நிழலிலும் வேலியோரத்திலும் செருப்பில்லாமல் விடாதீர்கள், மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள்.

குட்டிகளுக்குத் தாய்ப்பாலிலேயே இப்புழு வந்துவிடும். பிறந்த 2ஆம் வாரம் தொடங்கி 8ஆம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு மருந்து கொடுங்கள். தாய்க்கும் சேர்த்தே கொடுங்கள். இப்போதே ஒவ்வொரு குட்டியின் உதட்டையும் தூக்கிப் பாருங்கள்: ஈறு வெளுத்து, மலம் தார்போலக் கறுத்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.