அரசியலும் பன்னாட்டு உறவுகளும் பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி இருக்கும்? தினமும் செய்தித்தாள் படித்தால் போதாதா?

பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை இப்படிக் கேட்டிருந்தார், படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருந்தார். வீட்டில் "இதையெல்லாம் பேப்பர் படிச்சே தெரிஞ்சுக்கலாமே, இதுக்கு எதுக்கு மூணு வருஷம்?" என்கிறார்களாம். பத்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் போகிறவர். மதுரையில் தமிழ் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தேன். எம்.ஏ. பன்னாட்டு உறவுகள் படிக்க டெல்லியில் உள்ள தெற்காசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகள் சேர்ந்து நடத்தும் பல்கலைக்கழகம் அது, 2010இல் தொடங்கியது. நான் படித்தபோது சாணக்கியபுரியில், அக்பர் பவன் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில் இருந்தது. சுற்றிலும் தூதரகங்கள். ஒரே வகுப்பில் ஆப்கானிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை மாணவர்களோடு உட்கார்ந்து படித்தேன்.

என்ன படிப்போம்? பி.ஏ.யில் அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, பிற நாட்டு ஆட்சிமுறைகள், பொது நிர்வாகம். பன்னாட்டு உறவுகள் அதில் ஒன்றிரண்டு தாள்கள்தான். எம்.ஏ.யில் அதுவே முழுப்பாடமாகிவிடும்.

முதல் பருவம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரத்துக்கு நூற்றைம்பது பக்கம் ஆங்கிலத்தில் படிக்கச் சொல்வார்கள். கையில் பேனாவோடு உட்கார்ந்தால் பத்துப் பக்கம் போவதற்குள் விடிந்துவிடும். ஆனால் தமிழ் வழியில் படித்தது ஓரிடத்தில் எனக்குக் கை கொடுத்தது. கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979இல் முன்வைத்த கோட்பாட்டில் 'அனார்க்கி' என்ற சொல்தான் மையம். வகுப்பில் பலர் அதைக் கலவரம், குழப்பம் என்றே புரிந்துகொண்டார்கள். நான் 'அராஜகம்' என்று நோட்டில் எழுதிவைத்துப் பார்த்தேன். அ-ராஜகம், அரசன் இல்லாத நிலை. நாம் அதை அட்டூழியம் என்ற பொருளில் பேசிப் பழகிவிட்டோம். வேர்ப்பொருளைப் பார்த்தால் வால்ட்ஸ் சொல்வது அப்படியே அதில் இருக்கிறது: நாடுகளுக்கு மேலே அரசன் கிடையாது, அடித்தால் போய்ப் புகார் சொல்லக் காவல் நிலையம் கிடையாது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது. இந்த ஒரு சொல் பிடிபட்ட பிறகு மற்ற கட்டுரைகள் மெல்ல மெல்லத் திறந்தன.

சரி, இதற்கும் செய்தித்தாளுக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? கச்சத்தீவை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் 'தாரை வார்த்துட்டாங்க' என்ற சொல்லைக் கேட்காமல் எந்தக் குழந்தையும் வளராது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் இருபத்திரண்டு வயது வரைக்கும் அந்த ஒப்பந்தத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. உடன்படிக்கைகளை வாசிப்பது பற்றிய ஒரு தாளில், உங்கள் ஊரைப் பாதித்த ஒரு ஒப்பந்தத்தை எடுத்துவாருங்கள் என்றார் பேராசிரியர். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போன, 1974 ஜூனில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். சில பக்கங்கள்தான். 285 ஏக்கர் தீவு ஒன்றுக்காக ஐம்பது வருடமாக நாம் பேசிவரும் எல்லாமே அந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கிறது.

ஐந்தாவது பிரிவை உரக்க வாசித்தேன். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்கிறது. "பாருங்கள், உரிமை இருக்கிறது" என்றேன். பேராசிரியர், "பிரிவு எப்படித் தொடங்குகிறது?" என்று கேட்டார். 'மேற்சொன்னவற்றுக்கு உட்பட்டு' என்று தொடங்குகிறது. "மேலே என்ன சொல்லியிருக்கிறது?" நான்காவது பிரிவு: எல்லைக் கோட்டுக்கு அந்தந்தப் பக்கம் உள்ள கடலிலும் தீவுகளிலும் அந்தந்த நாட்டுக்கே இறையாண்மை. "சென்றுவரலாம் என்றிருக்கிறது. மீன் பிடிக்கலாம் என்று எங்கே இருக்கிறது?" அப்புறம் ஆறாவது பிரிவுக்குப் போனோம். இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளை அனுபவிக்கும் என்கிறது. அந்த உரிமையில் மீன்பிடிப்பு அடக்கமா, போக்குவரத்து மட்டுமா? வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், மீன்பிடி உரிமையும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில்தான் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆனால் 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைகளுக்காக இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. அதோடு பரிமாறிய கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பாங்க் என்ற வளமான மீன்பிடிப் பகுதி இந்தியாவின் பக்கம் வந்ததும் அதே ஏற்பாட்டில்தான். எங்கள் ஊரில் அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதே கதையில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் தலைவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மேசையில் ஆடுகிறார்கள், ஒன்று அயல்நாட்டோடு, மற்றொன்று உள்ளூரோடு என்று ராபர்ட் பட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1988இல் எழுதினார். அதை வைத்துத் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 1974 ஆகஸ்டில் தமிழக சட்டமன்றம் கச்சத்தீவு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டாவது ஒப்பந்தம் மார்ச் 23. நெருக்கடி நிலைக் காலம், சென்னையில் எதிர்த்துத் தீர்மானம் போட ஒரு சட்டமன்றமே இல்லை. கலைப்புக்குக் காரணம் கச்சத்தீவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளூர் மேசையில் அன்று நமக்காகப் பேச யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது தேதிகளிலேயே தெரிகிறது. செய்தித்தாளில் இரண்டும் தனித்தனிச் செய்திகளாக வந்துபோயிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தப் படிப்பு பழக்குகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது மெஸ்ஸில் கிடைத்தது. என் வகுப்பில் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். அவனும் மீன்பிடிக் குடும்பம். ஒருநாள் சாப்பிடும்போது, ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும் என்றேன். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தெரியும். அந்த மூண்டு நாளும் எங்கட ஆக்கள் தொழிலுக்குப் போறேல்ல. போனால் உங்கட போட் வலைய அறுத்துக்கொண்டு போயிடும்" என்றான்.

போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடல் பல வருடம் மூடிக்கிடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். எங்கள் இழுவை மடி கடலடியையே வாரிக்கொண்டு வருவது. இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் மீனவர்மேல் துப்பாக்கிச்சூடு நடந்திருக்கிறது, படகுகள் பறிபோயிருக்கின்றன. எங்கள் தெருவிலேயே அந்த அழுகையைக் கேட்டிருக்கிறேன், அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனால் பாக் நீரிணையின் அந்தக் கரையிலும் தமிழிலேயே அழுகிறார்கள் என்பது எனக்கு டெல்லியில்தான் தெரிந்தது. என் ஆய்வேட்டை அதைப் பற்றியே எழுதினேன்.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டம் வாங்கிய கையோடு வேலை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள், இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் இது விருப்பப் பாடம், இரண்டு தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதினால் கற்பித்தல் பக்கம் போகலாம். பத்திரிகை, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக ஏறக்குறைய ஓராண்டு வேலை செய்யும் லாம்ப் என்ற திட்டமும் உண்டு. நான் கடலோரக் கொள்கை பற்றிய ஒரு சிறு ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். சம்பளம் சுமார்தான், வேலை மனசுக்குப் பிடித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை சேர எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வான க்யூட்டைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து அதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஆனால் சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டியிருக்கும். இப்போதிருந்தே தினம் இரண்டு பக்கம் படிக்கத் தொடங்குங்கள்.

முதல் வருட விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பிரிவைத் தமிழில் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு, "மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். "மீன் பிடிக்கலாம்னு இல்லையே" என்றார். இல்லை என்றேன். மன்னார்ப் பையன் சொன்னதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கட்டிக்கொண்டிருந்த கண்ணியை இழுத்து முடிந்துகொண்டே கேட்டார்: "அந்தத் தம்பி வீட்ல என்ன வலம்மா போடுறாங்க?"