ராக், ப்ளூஸ் கலைஞர்கள் ஏன் அடுத்தடுத்து மறைகிறார்கள்?

ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வடிவம். அதன் பிள்ளைதான் ராக். 1960களில் ராக் வெடித்துக் கிளம்பியபோது அதை வாசித்தவர்கள் இருபது வயதையொட்டிய இளைஞர்கள். அவர்களுக்கு இப்போது எண்பது வயது. காரணம் அவ்வளவுதான்.

பழைய பள்ளி வகுப்புப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வயது. ஆகவே ஒரு கட்டத்தில் சாவுச் செய்திகளும் நெருங்கி நெருங்கித்தான் வரும்.

கிதார் கலைஞர் ஜெஃப் பெக் (பிறப்பு 1944) 2023 ஜனவரியில் போனார். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மிக் டெய்லர் என்ற கிதார் கலைஞர்கள் மூவரையும் தன் குழுவில் வைத்து வளர்த்த பிரிட்டிஷ் ப்ளூஸ் பாடகர் ஜான் மேயால், 2024 ஜூலை 22 அன்று 90 வயதில் மறைந்தார். சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில், ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். பிறந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரியை முடித்து 17 நாள்தான் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். எனக்கு அதுவே போதுமான அஞ்சலி.

'ராக் கலைஞர்கள் 27 வயதில்தான் சாவார்கள்' என்பது தவறு: ஹெண்ட்ரிக்ஸ், ஜாப்ளின், மாரிசன் மூவரும் 1970-71க்குள் அந்த வயதில் இறந்ததால் கிளம்பிய பேச்சு அது.