கேள்வி–பதில்: ரசீதில் உடையும் தமிழ்

கேள்வி: கடை ரசீதை டோம்பிடிஎஃப் (வலைப்பக்கத்தை பிடிஎஃப் கோப்பாக்கும் பிஎச்பி நிரல்) மூலம் எடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. தமிழ் எழுத்துரு சேர்த்த பிறகும் ‘கொத்தமல்லி’யில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் நிற்கிறது. ஏன்?

பதில்: கேள்விக்குறி போனது எழுத்துரு வந்ததால். கொம்புப் பிரச்சினை வேறு. ஒருங்குறியில் முதலில் ‘க’, பிறகே ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துகளைக் கோக்கும் நிரலின் வேலை. டோம்பிடிஎஃப்பில் அது கிடையாது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்.

பிஎச்பி மொழியிலேயே தொடர, இதே வேலையைச் செய்யும் எம்பிடிஎஃப் நிரல் போதும். அதன் எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்க்கும்போது எழுத்துகளைக் கோக்கும் வசதியை இயக்கும் ‘யூஸ்ஓடிஎல்’ (useOTL) மதிப்பை 255 என்று கொடுங்கள். இதை விட்டால் கொம்பு மறுபடி பின்னால்தான்!

ரசீதின் வடிவமைப்பு சிக்கலானது என்றால், குரோமியம் உலாவியை நிரல்வழி இயக்கும் பப்பெட்டியர் நல்லது. குரோமியமே எழுத்துகளைச் சரியாகக் கோத்துவிடும். ஆனால் சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் லேப்டாப்பில் அழகாக வந்த ரசீது அங்கே வெறும் கட்டங்களாக வரும். தாள் அளவு சொல்லாவிட்டால் பப்பெட்டியர் அமெரிக்க லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். ஏ4 என்று குறிப்பிடுங்கள். பின்னணி நிறம் அச்சாக ‘பிரிண்ட் பேக்கிரவுண்ட்’ விருப்பத்தையும் இயக்குங்கள்.