மழை, முகாம், காய்ச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எங்கள் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் காய்ச்சல் பரவுகிறது, ஏன்? (பெருமாள்புரம்)

ப: கொசு முட்டை பொரித்துப் பறக்க ஏழெட்டு நாள், அப்புறம் அது கடித்து நோய் வெளிப்பட இன்னும் சில நாள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவிலும் பெய்தால் கொசுவுக்கு ஓய்வே இல்லை. வெப்பம் கூடினால் கொசுவின் உடம்புக்குள் டெங்கு வைரஸ் இன்னும் சீக்கிரம் பெருகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த டிரம்மிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கே: புகை மருந்து அடித்தால் போதாதா?

ப: போதாது. பறக்கிற கொசுதான் சாகும், தண்ணீரில் இருக்கும் கொசுப்புழு சாகாது. டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கே: குழந்தைக்குக் காய்ச்சல், என்ன மருந்து கொடுக்கலாம்?

ப: வயது இல்லை, எடை இல்லை, எத்தனை நாள் காய்ச்சல் என்றும் இல்லை. இப்படி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? மருத்துவரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, வாந்தி, சோர்வு என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

கே: அகதி முகாம்களால்தானே ஊருக்குள் நோய் வருகிறது? (குலசேகரம்)

ப: இந்தக் கேள்வி வராத மழைக்காலமே இல்லை, படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முகாமிலேயே பிறந்து வளர்ந்து கல்யாணமும் ஆனவர்கள் எங்கிருந்து நோயைக் கொண்டுவருவார்கள்? நெருக்கடியான வீடுகள், தண்ணீர் வராத நாளுக்காகச் சேர்த்துவைத்த டிரம், மழையில் நிரம்பும் சாக்கடை, நோய் வருவது இவற்றால். 1994இல் இன்றைய காங்கோ நாட்டின் கோமா நகரில் ருவாண்டா அகதிகள் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவால்; எரிமலைப் பாறை நிலம், கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை, குடித்தது ஏரித் தண்ணீர். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்னில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ், வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்து காலராவில் விழுந்த அகதிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தபோது, 100க்கு 30 என்றிருந்த சாவு நாலுக்குள் வந்தது. அதே மக்கள், அதே முகாம், கொடுத்தது மட்டும்தான் மாறியது. உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் அதிகம். பால் வெட்டாத நாட்களில், பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறீர்களா? அதில் வளரும் கொசு முகாம்காரரையும் கடிக்கும்.

கே: வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வருமா?

ப: வரலாம், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கே: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் கிடைக்காவிட்டால்?

ப: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. மிஞ்சியதை மறுநாள் கொடுக்காதீர்கள்.