மஞ்சள் பூ முள்செடியும் நீல உருண்டை முள்செடியும் ஒன்றா?

கேள்வி: எங்கள் கரிசல் காட்டில் இரண்டு வகை முள்செடி இருக்கிறது. ஒன்றில் மஞ்சள் பூ, மற்றதில் நீல உருண்டை. ஊரில் இரண்டையுமே பிரம்மதண்டு என்கிறார்கள். எது நம் நாட்டுச் செடி? மஞ்சள் பூச்செடியின் விதை கடுகு மாதிரி இருக்கிறதே, கோழிக்குப் போடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. முதலில் கோழி விஷயம். தயவுசெய்து போடாதீர்கள், அது விஷம்.

மஞ்சள் பூ உள்ளதுதான் பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். மெக்சிகோ பக்கமிருந்து வந்த செடி, நம் மண்ணுடையது அல்ல. தண்டை ஒடித்துப் பாருங்கள், மஞ்சளாகப் பால் வடியும். சாம்பல் பூத்த இலையில் நரம்போடு ஒட்டி வெள்ளைக் கோடுகள் ஓடும். முள் நிறைந்த காய் முற்றியதும் உச்சியில் வெடித்து விதை கொட்டும். அந்த விதையை நகத்தால் நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், கடுகென்றால் மஞ்சள். மேல்தோலும் கடுகைப்போல வழவழப்பாக இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். 1998-இல் தில்லியில் இந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் உடல் வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீல உருண்டைதான் நம் நாட்டுச் செடி. தாவரப் பெயர் எக்கினாப்ஸ் எக்கினேட்டஸ். வடக்கே ஊண்ட்கட்டாரா, அதாவது ஒட்டகமுள் என்பார்கள். சூரியகாந்திக் குடும்பம். ஒடித்தால் மஞ்சள் பால் வராது. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். அந்த உருண்டை ஒரே பூ அல்ல, ஏகப்பட்ட சின்னப் பூக்கள் சேர்ந்தது. நடுநடுவே முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

வாய்க்கால் ஓரம் ஈரத்தில், கணுவுக்குக் கணு ஆறு முள்ளோடு ஊதாப் பூ பூத்திருந்தால் அது நீர்முள்ளி. அதுவும் நம் செடிதான்.

பிரம்மதண்டைக் காய் பிடிக்கும் முன்பே, பூ எடுக்கும் பருவத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். விதை கொட்டிவிட்டால் பல வருஷம் மண்ணில் கிடந்து முளைக்கும். பச்சையாக இருக்கும்போது மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. ஆனால் காய்ந்து தட்டையோடு படப்பில் சேர்ந்துவிட்டால் பிரித்துத் தின்ன அதற்குத் தெரியாது. அறுக்கும்போதே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

நீல உருண்டை உழவுக்கு இடைஞ்சல் இல்லாமல் பொழியோரம் நின்றால் விட்டுவிடுங்கள். பூக்கும் காலத்தில் தேனீ வரும்.