மாண்டூ டெஸ்ட்: சிவப்பைப் பார்க்காதீர்கள், தடிப்பைத் தடவிப் பாருங்கள்

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். காசநோய்க் கிருமி (டிபி) உடம்புக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோலில் ஊசி போட்டுச் செய்யும் மாண்டூ டெஸ்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சிஸ்டர், ஆறு வயது மகளுக்கு ஊசி போட்ட இடம் மறுநாளே சிவந்துவிட்டது. டிபியா?

பயப்படாதீங்கம்மா. சிவப்பை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஊசியில் இருப்பது காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம். உயிருள்ள கிருமி அதில் இல்லை, அதனால் நோய் வராது. 0.1 மி.லி. மருந்தை முன்கையின் தோலுக்குள் செலுத்துகிறோம். உடம்பு இந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், அதை அடையாளம் தெரிந்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து குவியும். தோல் கெட்டியாகத் தடிக்கும். இது மெதுவாக நடப்பதால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்கிறோம். விரலால் தடவி, கெட்டியான பகுதியின் இரண்டு ஓரத்தையும் குறித்து, கையின் குறுக்குவாட்டில் அளப்போம். தடவாமல் கண்ணால் மட்டும் பார்த்து "பாசிட்டிவ்" என்று எழுதினால், தயங்காமல் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் போனால் பார்ப்பார்களா?

பயனில்லை, திரும்பப் போட வேண்டியிருக்கும். வார இறுதியில் மூடியிருக்கும் இடமென்றால் வியாழக்கிழமை போடாதீர்கள்.

எத்தனை மி.மீ. வந்தால் பாசிட்டிவ்?

நம் நாட்டில் பொதுவாக 10. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 போதும்.

பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் தடிப்பு வராதா?

வரலாம். ஆனால் வருடங்கள் போகப்போக அந்தத் தாக்கம் குறையும். வீட்டிலேயே ஒருவர் சளியில் கிருமியோடு இருக்கும்போது, பிள்ளையின் கையில் வந்த தடிப்பை "அது பிசிஜிதான்" என்று ஒதுக்குவது ஆபத்து. பிசிஜியில் இல்லாத புரதங்களைக் கொண்டு செய்யும் சைடிபி என்ற புதிய தோல் டெஸ்டும் வந்திருக்கிறது; அதில் இந்தக் குழப்பம் குறைவு.

பாசிட்டிவ் என்றால் உடனே டிபி மாத்திரையா?

இல்லை. கிருமி உள்ளே நுழைந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். நோயாக மாறியதா என்பதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் சொல்லும். நோய் இல்லையென்றால், தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, நோய் இல்லை என்று உறுதியானால், மாண்டூ இல்லாமலேயே தடுப்பு மருந்து தொடங்கலாம்.

தம்பிக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடையும் குறைகிறது. மாண்டூ நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

கூடாதும்மா. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நிம்மதிதான். உடம்பு மெலிந்து எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களுக்குத் தடிப்பே வராமல் போகும். எச்.ஐ.வி., ஸ்டீராய்டு மாத்திரை, அண்மையில் வந்த தட்டம்மை எல்லாமே தடிப்பை அமுக்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கும் நெகட்டிவ் வருவதுண்டு. கிருமி தொற்றி சில வாரங்களுக்கு உடம்பு எதையும் காட்டாது. தம்பியை நாளைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளி கொடுக்கச் சொல்லுங்கள், பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்கட்டும். எச்சில் போதாது.