அக்காவின் ஜீனைப் பார்த்து ஆயுள் சொல்ல முடியுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி: "54 வயது அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் கட்டி), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லை). கட்டி சர்க்கரையை எரிக்கும் ஜீன்களை அளந்தால் எத்தனை வருஷம் இருப்பாள் என்று தெரியுமாம். என் மகன் படித்துவிட்டுச் சொல்கிறான். பார்க்கலாமா? கருப்பட்டிக் காப்பியையும் நிறுத்திவிட்டோம்."

அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மகன் படித்தது பொய்யில்லை. பல புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். குளுக்கோஸ் உடலில் எங்கே அதிகம் சேருகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் இந்தப் பசியால்தான். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளுட்1, லாக்டேட் உண்டாக்கும் எல்.டி.எச்.ஏ. போன்ற ஜீன்கள் எவ்வளவு மும்முரமாக இயங்குகின்றன என்று கட்டியின் ஆர்.என்.ஏ.வில் (இயங்கும் ஜீன்களின் நகலில்) அளந்து, நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டம் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கும். அவ்வளவுதான். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை வைத்து இந்த வருஷம் பிசான நெல் விளைச்சல் எப்படி என்று பொதுவாகச் சொல்லலாம். கடைமடையில் உங்கள் வயல் எத்தனை கோட்டை நெல் காணும் என்று யாரால் சொல்ல முடியும்?

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2011-ல் வந்த ஓர் ஆய்வில் ஜீன்களைக் குருட்டாம்போக்கில் அள்ளிப் பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். அப்படிச் சேர்த்த பட்டியல்களில் பெரும்பாலானவையும் மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுளோடு பொருந்தின! கட்டி வேகமாகப் பெருகும்போது ஏராளமான ஜீன்கள் கூடவே ஏறி இறங்கும். எதை அள்ளினாலும் அந்த வேகம்தான் கையில் வரும். ஆகவே சர்க்கரையை எரிக்கும் இந்த ஜீன்களுக்கு உள்ள 'வளர்சிதை மாற்ற ஜீன்' என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

சரி, ஜீன் டெஸ்டே வேண்டாமா? அக்காவின் ரிப்போர்ட்டுக்குப் பொருந்துவது, கட்டியின் 21 ஜீன்களை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடும் '21 ஜீன் பரிசோதனை'. ஆயுளைக் கணிக்க அல்ல, கீமோ தேவையா என்று முடிவெடுக்க. அக்காவைப் போன்ற நோய்நிலையில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மதிப்பெண் 25 வரை இருந்தால் ஹார்மோன் மாத்திரையே போதும், கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று 2018-ல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது. விலை அதிகம்தான். அதனால் கீமோ தொடங்கும் முன்பே டாக்டரிடம், "இதன் முடிவைப் பொறுத்து சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் விட்டுவிடலாம். மாறும் என்றால், ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மெழுகு பிளாக் பேதாலஜி லேபில் இருக்கும்; அதை அனுப்பினால் போதும், அக்கா எங்கும் அலைய வேண்டாம்.

அப்புறம், கருப்பட்டிக் காப்பி. நாம் இனிப்பை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கட்டியைப் பட்டினி போட முடியாது. சர்க்கரை நோய் இல்லையென்றால் காலையில் ஒரு டம்ளர் போட்டுக் கொடுங்கள்.